பச்சை மசித் திருத்தம்

தாலுகா ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து இங்கிலீஷில் மனு எழுதிக்கொடுக்கிறவர் தனுஷ்கோடி. இருபது வருஷமாக எல்லா மனுவிலும் 'மிகத் தாழ்மையுடன் கெஞ்சிக்கொள்கிறேன்' என்றே எழுதியதில், அவர் விரல்கள் தானாகக் கும்பிடக் கற்றுக்கொண்டுவிட்டன. தமிழில் எழுதட்டுமா என்று கேட்டால் ஜனங்களுக்குக் கோபம் வரும். "எங்களுக்கே புரியிற மனுவை ஆபீசர் மதிப்பாகளா?"

அன்று ஜமாபந்தியின் கடைசி நாள். தாலுகாக் கணக்கைப் பார்க்க வந்திருந்த பெரிய அதிகாரி ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். எம்.ரெட்டியபட்டி சந்தனம்மாள் நாலு மணிக்குத்தான் பஸ்ஸை விட்டு இறங்கினாள். செத்துப்போன புருஷனின் சித்தப்பா மகன், அவளுடைய ரெண்டு ஏக்கர் கரிசலுக்குத் தன் பேரில் பட்டா வாங்கிவிட்டான். இன்றைக்கு மனு உள்ளே போகாவிட்டால், முதல் மழைக்கு அவன் ஏர் இறங்கிவிடும்.

தனுஷ்கோடி எழுதி முடித்த நேரம் பார்த்து ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சென்னய்யா குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். ஆபீசில் பெரிய அதிகாரிகள்தான் பச்சை மசியில் எழுதலாம். ஹெட்மாஸ்டராக இருந்தபோது அந்தப் பாக்கியம் அவருக்கும் இருந்தது. அவர் ரிட்டயர் ஆகி நாலு வருஷம். பேனா இன்னும் ஆகவில்லை.

"டிஸ்கஸுக்குப் பின்னாடி அபவுட் வரலாமாப்பா?" மனுவை வாங்கிப் பச்சையில் ஒரு கோடு. "ரிட்டர்ன்னாலே திரும்பறதுதான், அப்புறம் பேக் எதுக்கு?" இன்னொரு கோடு. "கசின் போதும், பிரதர் வேண்டாம்."

"என்னய்யா பண்றாக?" என்றாள் சந்தனம்மாள்.

"பிரதரை அடிச்சிட்டாக."

"நல்லா அடிக்கட்டும், களவாணிப்பய!"

"சார், மணி நாலே முக்கால்," என்றார் தனுஷ்கோடி சோர்வாக.

"மணி போகும் வரும். கிராமர் போனா வருமா? சுத்தமா வேற தாள்ல எழுது."

விளிம்பெல்லாம் பச்சையாகக் கிடந்தது மனு. ஆபீஸ் பியூன் கதவுச் சங்கிலியைக் கையில் எடுத்தான். தனுஷ்கோடி புதுத் தாளில் 'மிகத் தாழ்மையுடன்' வரைக்கும் வந்திருந்தார். சந்தனம்மாள் பழைய தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

"அசிங்கம், அசிங்கம்," என்றார் ஹெட்மாஸ்டர்.

அரை மணி கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கிளார்க்கு மொதல்ல 'நாளைக்கு வா'ன்னு வெரட்டினாரு. தாளைப் பார்த்ததும் எந்திரிச்சிட்டாரு. 'பச்சையில எழுதியிருக்கே, மேல யாரு பார்த்தாக?'ன்னாரு. 'பெரியவரு பார்த்தாரு, ரொம்பக் கோவமாப் பார்த்தாரு'ன்னேன். நேரா உள்ள கொண்டுபோனாரு. வெசாரிச்சு முடியிற வரைக்கும் அவன் ஏர் பூட்டக்கூடாதாம். அடுத்த செவ்வாக்கெழமை வெசாரணை."

"யாராவது படிச்சாகளா?" என்றார் தனுஷ்கோடி.

"படிக்க எங்கய்யா நேரம்?"

சென்னய்யா குடையைக் கக்கத்தில் இடுக்கி நிமிர்ந்தார். "பார்த்தியாப்பா? திருத்தமான இங்கிலீஷுக்கு ஆபீசே எந்திரிச்சு நிக்கும்." தனுஷ்கோடி, "ஆமா சார்," என்று கொட்டாவி விட்டார்.

செவ்வாய்க்கிழமை அவள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். விசாரணைக்கு இன்னொரு மனு வேண்டுமாம். தனுஷ்கோடி பேனா மூடியைத் திருகியதும் குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"ஐயா, போன தடவை மாதிரியே தப்பு நெறய விட்டு எழுதுங்க. பெரியவரு வார நேரந்தான்."

எழுதினார்.