சிம்பல் கேக்குதா?

வந்திருந்தவர்கள்: செழியன், காலேஜை மூன்றாம் வருஷத்தில் விட்டவன், இப்போது வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட். ஆண்டனிராஜ், சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பவன், முகூர்த்த நாட்களில் மைக் செட் வேலைக்குப் போகிறவன். சிவபிரகாஷ், காந்திகிராமத்தில் ஆராய்ச்சி மாணவன், எதற்கும் ஒரு விளக்கம் கையில் வைத்திருப்பவன். வந்திருக்க வேண்டியவள், வராதவள்: ருக்சானா, மைக் செட்டுக்குச் சொந்தக்காரி. இவர்களைத் தவிர, ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். வயதும் அனுபவமும் அவற்றுக்குத்தான் அதிகம்.

இடம் பேகம்பூரில் ருக்சானாவின் குடோன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தகரக் கூரை காய்ந்து கிடந்தது. ஒரு மூலையில் சீரியல் செட் பல்புகள் மலையாகக் குவிந்திருந்தன. இன்னொரு மூலையில் கல்யாண ஆர்ச்சு ஒன்று 'நல்வரவு' என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

கூடியிருந்தது 'ஏழரை'க்காக. ஏழரை என்பது கோயம்புத்தூர்ப் பையன்கள் ஐந்து பேர் நடத்தும் பேண்ட். மெட்டல்தான், ஆனால் வெறும் இரைச்சல் மெட்டல் இல்லை. ஒரு பாட்டு கால் மணி நேரம் ஓடும். தாளம் ஏழில் ஆரம்பித்துப் பதினொன்றில் திரும்பி, ஆடுகிறவன் காலை முறித்துவிட்டுப் போகும். பாடகன் பாதிப் பாட்டில் உறுமுவான், மீதியில் தேவாரம் படித்தவன்போல இழுப்பான். திண்டுக்கல்லில் அவர்களுக்கு நாலு ரசிகர்கள் இருந்தார்கள். நாலு பேரும் இந்தக் குடோனில்தான் சந்தித்துக்கொள்வார்கள்.

அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. புது ஆல்பம் வந்தால் யாரும் போனில் போட்டுக் கேட்கக் கூடாது. முதல் தடவை எல்லாரும் சேர்ந்து பெரிய செட்டில்தான் கேட்க வேண்டும். இரண்டாவது ஆல்பத்தைச் சிவபிரகாஷ் சின்னாளபட்டி பஸ்ஸில் ஹெட்போனில் கேட்டுவிட்டு வந்து முடிவைச் சொன்னதிலிருந்து வந்த சட்டம் அது. கேட்கும்போது போன்களை ஆஃப் செய்து ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். அன்றும் மூடியிருந்தார்கள். இந்த முறை வந்திருப்பது பெங்களூரில் மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்த ஆல்பம்.

"அக்கா வரட்டும்டா," என்றான் செழியன்.

"அது குஜிலியம்பாறையில காதுகுத்துக்குச் செட்டு போடப் போயிருக்கு. வர்ற நேரத்துக்கு வரட்டும். நான் எரியோட்டு விசேஷத்துக்குப் போன பெட்டியை மாட்டியாச்சு," என்றான் ஆண்டனிராஜ். அவனிடம் குடோன் சாவி ஒன்று இருந்தது. சாவி இருப்பவனுக்குக் கொஞ்சம் அதிகாரம் வந்துவிடும்.

செழியன் ஒத்துக்கொண்டான். அவனுக்கும் அவசரம் இருந்தது. அது வேறு அவசரம்.

ஒரு வாரமாக அவன் காதுக்குள் 'கிய்' என்று ஒரு சத்தம். ஷிப்ட் முடிந்து வந்த பிறகும் நிற்கவில்லை. படுத்தால் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. மில்லில் ஸ்பின்னிங் பக்கம் வரிசை வரிசையாக மெஷின்கள் ஓடும். பக்கத்தில் நிற்பவனிடம் பேச அவன் காதை வாய்க்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். காதில் வைக்க ஸ்பாஞ்சு அடைப்பான் கொடுத்திருந்தார்கள். செழியன் வைக்கவில்லை. வைத்தால் அரிக்கிறது என்று சொல்லிக்கொண்டான். உண்மையில் சோம்பல்தான்.

அவனுக்கு அடுத்த மெஷினில் நிற்கிற கருப்புசாமி அண்ணன் போன வாரம் டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு எங்க வீட்டுக் குக்கர் விசில் கேக்காது அப்பு. பேச்சு கேக்கும். மேல இருக்குற கீச்சுச் சத்தந்தான் மொதல்ல போகும். போறதே தெரியாது." சொல்லிவிட்டு வடையைப் பிய்த்தார்.

அந்த வடையோடு செழியனுக்குள் ஒன்று இறங்கி உட்கார்ந்துவிட்டது. காலேஜ் போனது. அதற்கு அவன் அழவில்லை. அப்பாவோடு பேச்சு போனது. அதற்கும் பெரிதாக வருந்தவில்லை. காது போனால் என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தான். மில்லும் தூக்கமும்தான் மிச்சம்.

ஆண்டனிராஜ் செட்டில் பென்டிரைவைச் சொருகிப் பாட்டைத் தட்டினான்.

பேஸ் நெஞ்சில் வந்து முட்டியது. கிடார் வந்தது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல வந்தது. பாடகன் குரல் பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கத்துவதுபோல இருந்தது. செழியன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். மூன்றாவது பாட்டு அவர்கள் முன்பே கேட்டுப் பழகியது; அதில் ஓர் இடம் வரும். எல்லா வாத்தியமும் பட்டென்று நிற்கும். சிம்பல் மட்டும் தனியாக ஓடும். வெண்கலத் தட்டின்மேல் குச்சி நுனியால் பொடிப்பொடியாகத் தட்டுவான். சில்லறை கொட்டியதுபோல இருக்கும். ரசிகர்கள் கோயம்புத்தூர் மேடைக்குக் கீழே மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற இடம்.

அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது.

மெத்தைக்குள் தகரத்தை வைத்து யாரோ விரலால் தட்டுவதுபோல ஏதோ பொத் பொத் என்றது. அவ்வளவுதான்.

செழியன் கண்ணைத் திறந்தான். ஆண்டனிராஜ் தலையை ஆட்டி, தொடையில் விரலால் ஒவ்வொரு தட்டையும் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தான். முகத்தில் பரலோகம் தெரிந்தது.

"என்ன சிம்பல்றா!" என்றான் ஆண்டனிராஜ். "ஒவ்வொண்ணும் தனித்தனியா விழுது பாரு. ஸ்டூடியோவுல கூட இப்படி இல்ல."

செழியன் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தான். 

பாட்டு முடிந்ததும் சிவபிரகாஷ் தொண்டையைச் சரிசெய்தான். "வேணும்னே மிக்ஸிங்கை இருட்டா வச்சிருக்காய்ங்க. கவனிச்சியா? மேடையில கூட்டத்துக்குள்ள நிக்கிறவனுக்கு எப்படிக் கேக்குமோ, அப்படி. தைரியமான முடிவு."

"தைரியமா?" செழியன் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. "செத்த சவுண்டுடா இது. ஸ்டூடியோவுல பளபளன்னு வாசிக்கிறவய்ங்க மேடை ஏறினா சாக்கை மூடிக்கிட்டு வாசிக்கிறாய்ங்க. போன வருஷம் கோயம்புத்தூர்லயே சொன்னேன். கீபோர்டு பாதி லேப்டாப்ல இருந்து வருதுன்னு."

"லேப்டாப்ல வந்தா என்ன? அஞ்சு பேருக்கு இருக்கிறது பத்துக் கைதான்டா," என்றான் சிவபிரகாஷ்.

"அப்ப பத்துக் கைக்குப் பாட்டு போடணும்."

"ஏலே, நீ மில்லுல பஞ்சைப் பாத்துக்கிட்டு நில்லு. பாட்டை நாங்க பாத்துக்கிறோம்," என்றான் ஆண்டனிராஜ். "அந்த சிம்பல் இடத்தைக் கேட்ட பிறகும் ஒருத்தன் இப்படிப் பேசுறான்னா அவன் ரசிகனே இல்ல."

"எந்த சிம்பல்?"

"மூணாவது பாட்டு."

"அதான் எந்த சிம்பல்ன்னு கேக்குறேன். எனக்கு ஒண்ணும் கேக்கலை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ஆண்டனிராஜ் சிரித்தான். "மில்லுல காதை அடகு வச்சுட்டியாடா? கேக்கலையாம்! டேய் பிரகாசு, உனக்குக் கேட்டுச்சா?"

சிவபிரகாஷ் ஒரு கணம் ஸ்பீக்கரைப் பார்த்தான், ஒரு கணம் ஆண்டனிராஜைப் பார்த்தான். "கேட்டுச்சு," என்றான். "கொஞ்சம் உள்வாங்கிக் கேட்டுச்சு."

"மறுபடி போடு," என்றான் செழியன்.

மறுபடி போட்டார்கள். செழியன் எழுந்து போய் பெட்டிக்கு முன்னால் நின்றான். பெட்டியின் மேல்பக்க வலைத்துணியில் காதை ஒட்ட வைத்தான். பொத் பொத். பின்னால் ஆண்டனிராஜ் வாயாலேயே 'டிங் டிகிடி டிங்' என்று கூடவே வாசித்தான். அவன் வாயிலிருந்து வந்த சிம்பல் கேட்டது. பெட்டியிலிருந்து வந்தது கேட்கவில்லை.

போனில் போட்டு ஹெட்போனை மாட்டினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். தூக்குச்சட்டி கையெட்டும் தூரத்தில் இருந்தது. செழியன் அதைப் பார்த்தான், எடுக்கவில்லை. சட்டத்துக்காக அல்ல. தெரிந்துவிடும் என்பதற்காகத்தான்.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தபோது இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். அது இன்னும் மோசம்.

"நெசமாவே கேக்கலையாடா?" என்றான் சிவபிரகாஷ், ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கி வந்தவன் குரலில்.

"கிய்ன்னு ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு. ஒரு வாரமா."

"ஒரு காது டாக்டரைப் பாத்துரு. விடாத."

"சும்மா பயமுறுத்தாதடா அவனை," என்றான் ஆண்டனிராஜ். பிறகு அவனே, "மில்லை விட்டுரு," என்றான்.

"விட்டுட்டு? உங்க சர்ச்சுல மணி அடிக்கவா? அதுவும் கேக்காது." செழியன் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "அடுத்த மாசம் பெங்களூரு ஷோவுக்கு என் டிக்கெட்டை யாருக்காச்சும் குடுத்துருங்க."

"டேய், உட்காருடா."

"கேக்காதவனுக்கு ஷோ எதுக்கு? மேடையில அவய்ங்க கை ஆடுறதைப் பாக்கவா?"

 ஆல்பம் மட்டும் யாருக்காகவோ நாலாவது பாட்டை முட்டிக்கொண்டிருந்தது.

வெளியே குட்டியானை வண்டி வந்து நின்றது. ஷட்டர் இடைவெளியில் ருக்சானா தலையை நீட்டினாள். கழுத்தில் வயர் சுருள், கையில் விசேஷ வீட்டுச் சாப்பாட்டுப் பொட்டலம். உள்ளே வராமல் அங்கேயே நின்று ஒரு நிமிஷம் கேட்டாள். முகம் கோணியது.

"எந்த எருமைடா இந்தப் பெட்டியை மாட்டுனது?"

எருமை கையைத் தூக்கியது. "நாந்தான்க்கா. ஏன்?"

"அதுல தலையே இல்லடா. எரியோட்டுல தாய்மாமன் ஒருத்தர் மைக்கை வாங்கி ஸ்பீக்கர்கிட்டயே கொண்டு போய்ப் பேசினாரு. கீச்சுன்னு ஒரு சத்தம், ரெண்டு பெட்டியிலயும் மேல ஹாரன் பொசுங்கிருச்சு. டிரைவர்ன்னு உள்ள ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்குமே, அதைக் கழட்டி மதுரைக்கு ரிப்பேருக்குக் குடுத்து விட்டுட்டேன். துணிக்குப் பின்னாடி வெறும் ஓட்டை. ஒரு மணி நேரமா குரூப்புல சொல்லிக்கிட்டே இருக்கேன், மாட்டாதீங்க மாட்டாதீங்கன்னு. நாலு தடவை போன் வேற பண்ணேன்."

மூன்று பேரும் தூக்குச்சட்டியைப் பார்த்தார்கள்.

செழியன் நின்ற இடத்திலேயே கேட்டான்: "அப்ப சிம்பல் வராதா?"

"எங்கிருந்து வரும்? மேல் சத்தம் பூரா அதுலதான வரணும். சிம்பலும் வராது, 'ஸ்' வராது, ஒரு மண்ணும் வராது. ஏன், யாருக்காச்சும் கேட்டுச்சா?"

செழியன் மெதுவாகத் திரும்பி ஆண்டனிராஜைப் பார்த்தான். அவன் ஆர்ச்சில் எழுதியிருந்த 'நல்வரவு'வைப் பின்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தான்.

"ஒவ்வொண்ணும் தனித்தனியா விழுந்துச்சாம்க்கா," என்றான் செழியன்.

"எனக்குத் தெரிஞ்ச பாட்டுடா," என்றான் ஆண்டனிராஜ் கடைசியில். "ஆயிரம் தடவை வாசிச்சிருக்கேன். மண்டைக்குள்ளயே ஓடிருச்சு. சத்தியமா கேட்டுச்சு."

"உனக்கு?"

சிவபிரகாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இவன் அம்புட்டு உறுதியாச் சொன்னான். டிரம்மு அடிக்கிறவன் சொல்றப்ப நாம என்ன சொல்றது."

"அந்தத் தைரியமான முடிவு?"

"அது... தத்துவ ரீதியா இன்னும் சரிதான்."

ருக்சானா சிரித்த சிரிப்பில் பொட்டலத்திலிருந்து குழம்பு கசிந்தது. செழியன் சிரிக்கவில்லை. அவன் தூக்குச்சட்டியைத் திறந்து தன் போனை எடுத்து ஆன் செய்தான். ருக்சானாவின் மிக்ஸர் பக்கம் தொங்கிய பெரிய ஹெட்போனை எடுத்து மாட்டினான். எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். மூன்றாவது பாட்டை அந்த இடத்துக்குத் தள்ளினான்.

எல்லாம் நின்றது. சில்லறை கொட்டியது.

ஒன்றொன்றாக, சுத்தமாக, வலது காதில் கொஞ்சம் தள்ளி. 'கிய்' அப்படியேதான் இருந்தது. அதற்கு மேலேயும் சிம்பல் கேட்டது. செழியன் வயர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.  இன்னொரு தடவை அந்த இடத்தைப் போட்டான். இன்னொரு தடவை. யாரோ தோளில் தட்டினார்கள். ஹெட்போனை ஒரு பக்கம் நகர்த்தினான்.

"கேக்குதாடா?" மூன்று பேரும் குனிந்து நின்றார்கள்.

"கேக்குது."

"எப்படி இருக்கு?"

செழியன் யோசித்தான். "சிம்பலைக் கொஞ்சம் அதிகமாவே வச்சுட்டாய்ங்க. மிக்ஸிங் சரியில்ல."

"செருப்பால அடிப்பேன்," என்றான் ஆண்டனிராஜ். குரலில் அவனுக்கும் மூச்சு வந்திருந்தது.

பிறகு ஒரு வழக்கு எழுந்தது. இன்று கேட்டது முதல் தடவைக் கணக்கில் சேருமா? சேராது என்றான் சிவபிரகாஷ். தலை இல்லாத பெட்டியில் கேட்டது கேட்டதாகாது. டிரைவர் மதுரையிலிருந்து திரும்பி வந்த பிறகு எல்லாரும் கூடி முதலிலிருந்து கேட்க வேண்டும். அதுவரை ஒருவரும் தொடக் கூடாது. சட்டம் சட்டம்தான் என்றான் ஆண்டனிராஜ், இன்று அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டு.

"நீங்க ரெண்டு பேரும் மதுரைக்காகக் காத்துக் கிடங்க," என்றான் செழியன். "நான் இப்பவே முழுசாக் கேக்கப் போறேன்."

"சட்டம்டா!"

"உங்க சட்டத்துக்குக் காது இல்ல."

பெரிய சண்டை வரவில்லை. பசி வந்திருந்தது. ருக்சானா பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு கை சோறும் கத்திரிக்காய் வெஞ்சனமும் வைத்தாள். செழியன் ஒரு காதில் ஹெட்போனோடு சாப்பிட்டான். தின்று முடித்ததும் ஆண்டனிராஜும் சிவபிரகாஷும் பைக்கில் கிளம்பினார்கள். போகும்போது சிவபிரகாஷ், "டாக்டரைப் பாக்கிறது பாக்கிறதுதான்டா," என்றான்.

"பாக்குறேன். போடா." அவன் பொய் சொல்லவில்லை. அந்த ஸ்பாஞ்சு அடைப்பான் லாக்கரில் எங்கே கிடக்கிறது என்றுகூட யோசித்துவைத்துவிட்டான்.

ருக்சானா வயர்களைச் சுருட்டி மாட்டிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். "நான் வீட்டுக்குப் போய்த் தொழுதுட்டு செத்த நேரம் படுத்து எந்திரிச்சு வாரேன். நீ வாரியா?"

"ஆல்பம் முடியலக்கா. இருக்கேனே."

"தெறந்து போட்டுட்டுப் போக முடியாதுடா. போன மாசம் ரெண்டு சுருள் வயரைத் தூக்கிட்டுப் போயிட்டாய்ங்க. நீ ஹெட்போனை மாட்டிக்கிட்டா லாரியே உள்ள வந்தாலும் தெரியாது. வெளியே பூட்டிட்டுத்தான் போவேன்."

"பூட்டிக்குங்க."

"ஒண்ணுக்கு வந்தா?"

"அடக்கிக்கிறேன்."

"ஷிப்டு?"

"அதுக்கு முன்னாடி வந்துருங்க. வராட்டியும் பரவாயில்ல."

அவள் ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைத்தாள், தண்ணீர்ப் பாட்டிலை அவன் காலடியில் வைத்தாள். "கூறுகெட்டவன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

செழியன் ஆல்பத்தை முதல் பாட்டுக்குத் திருப்பினான். ஹெட்போனை இன்னும் இரண்டு காதுக்கும் இறக்கவில்லை. ஷட்டர் கடகடவென்று தரைவரை வந்தது. வெயில் ஒரு கோடாகச் சுருங்கி அணைந்தது. வெளியே ருக்சானா பூட்டை மாட்டி அழுத்தினாள், ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள், சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.