சிவப்புக் கட்டம்

தோட்டத்து லய வீடுகளை மூடிய மண்சரிவில் தப்பியவர்கள் டயகமப் பாடசாலையில் கூடியிருந்தார்கள். அவர்களைப் பதிய வினோதா தன் மடிக்கணினியில் அட்டவணை காட்டும் ஒரு நிரல் எழுதியிருந்தாள். வந்து சேராதவரின் பெயர்க்கட்டம் மட்டும் சிவக்க வேண்டும். ஆனால் அவளுடைய அம்மா நாகலெட்சுமியின் பெயரிலிருந்து கீழே எல்லாமே சிவந்தன.

"என்ன பிள்ளை, இவ்வளவு பேரும் வரேல்லையோ?" என்று பதறினார் கிராம உத்தியோகத்தர் சிவரூபன்.

"இல்லங்க சேர். ஒரு கட்டத்துக்குப் பூசின நெறம் அடுத்ததுக்கும் ஒட்டிக்கிட்டு வருது."

வந்தவருக்கு வெள்ளை என்று நிரலில் ஒரு வரி சேர்த்தாள். எல்லாம் வெளுத்தன, அம்மாவின் கட்டத்தைத் தவிர.

"இன்னும் பிழை இருக்குங்க சேர்."

நான்கு முறை ஓட்டிப் பார்த்தாள். நிறம் மாறவில்லை. பிறகு எழுந்து, தேடப் புறப்பட்டவர்களிடம் ஓடினாள்.

"எங்கம்மாங்க. ஏழாம் லயம்."