ஒரு முடியளவு செம்பு

கட்டப்போகும் வீடுகளை லேப்டாப்பில் படமாக வரைவது என் தொழில். ஒரு படத்தை முடித்துத் தர என் லேப்டாப்புக்கு நாற்பது நிமிடம் ஆகும். அதற்குள் நான் குளித்து, துணியும் துவைத்துவிடுவேன். "எருமை, நகரு" என்று அதைத் திட்டாத நாளில்லை.

செல்போன் பழுது பார்க்கும் என் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று அதைச் சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டாள். அறுந்த இயர்போன் ஒயரிலிருந்து மெல்லிய செம்பு இழை ஒன்றை உருவி, அதன் மூளையான பிராசஸரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகளில் இரண்டைச் சேர்த்துக் கட்டினாள்.

"என்ன வேகத்துல ஓடணும்னு சொல்றதே இந்த ஊசிங்கதான். தும்மிடாதீங்க, அண்ணி!"

"எரிஞ்சு போச்சுன்னா உங்கண்ணனை வித்துதான் புதுசு வாங்கணும்."

"அவனை யாரு வாங்குவா?"

சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவி மூடினாள். பிறகு சாப்ட்வேரில் வேகத்தைப் படிப்படியாக ஏற்றினாள். ஒரு படியில் திரை உறைந்தது, என் உயிரும்தான். ஒரு படி இறக்கினாள், சரியானது.

படத்தை ஓடவிட்டு, வழக்கம்போல் குளிக்கப் போனேன். குளித்து வந்து துணியை ஊறவைக்கக்கூட இல்லை.

"அண்ணி, முடிஞ்சிருச்சு! இருபத்தஞ்சே நிமிஷம்!"

வாளியோடு ஓடினேன். திரையில், ஜன்னல் வெயில் தரையில் விழ, நான் வரைந்த வீடு முழுசாக நின்றது. இத்தனை வேகமும் நாலு வருடமாக உள்ளேயே இருந்திருக்கிறது! லேப்டாப்பின் சூடான முதுகைத் தடவினேன்.

"எருமை நான்தான்" என்றேன்.