வலது கை தொடாத வரி

"காலையில அப்பாவுக்கு எடுத்த ஈ.சி.ஜி.யைக் கொடுங்க டாக்டர்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வராந்தாவிலேயே அம்மா சொல்லியிருந்தாள். அம்மா தரை துடைக்கிற ஆஸ்பத்திரி இது.

நெஞ்சு அடைக்கிறது என்று காலையில் வந்த அப்பாவை, வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மதியம் திரும்பக் கொண்டுவந்தபோது மூச்சில்லை.

"அதை வெச்சு என்னம்மா பண்ணப்போற? கையெழுத்துப் போட்டுட்டு உடம்பை எடுத்துட்டுப் போங்க."

"என் படிப்பே அதுதான் டாக்டர். வேற ஆஸ்பத்திரியில தினமும் எடுக்கிறேன்."

அவர் தாளை மேசையில் தள்ளினார். "பாரு. கை நடுக்கம். மெஷின் கிறுக்கி வெச்சிருக்கு."

வலது கையிலிருந்து ஓடுகிற முதல் இரண்டு வரிகளும் ரம்பப் பல்லாக ஆடிக் கிடந்தன. அவள் விரல் மூன்றாவது வரியில் நின்றது. இடது கைக்கும் இடது காலுக்கும் நடுவே ஓடுகிற வரி. அதில் கிறுக்கலே இல்லை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கோடு கீழே இறங்காமல் மேடு கட்டி நின்றது. மாரடைப்பு.

"அப்பாவுக்கு ஆடுனது வலது கை. இந்த வரியில அந்தக் கைக்கு வேலையே இல்ல."

டாக்டர் தாளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காலையில கூட்டம்மா."

"ஆடுற கையைத் தொடைக்கடியில வெக்கச் சொல்லி இன்னொண்ணு எடுத்திருக்கலாம்."

கதவோரம் நின்ற அம்மா குறுக்கிட்டாள். "விடுடி. நாளைக்கு நான் இதே ரூமைத்தான் துடைக்கணும்."

"அதுக்காக?"

"உன்னைப் படிக்க வெச்சது இந்தத் துடைக்கிற வேலைதான்டி."

அவளுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. "அறுத்துப் பாக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப்போறேன்மா."

"உழைச்சு ஓஞ்ச உடம்பு. அதையும் அறுக்கணுமா?"

டாக்டர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. தாளைப் போனில் படமெடுத்துக்கொண்டு, அம்மாவை உரசிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் சவ வண்டி உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"கெளம்பலாமாம்மா?"

"இன்னைக்கு எடுக்கலண்ணே."

கேட்டைத் தாண்டி போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் பக்கம் திரும்பினாள். பின்னால் இன்ஜின் அணைகிற சத்தம் கேட்டது.