இருமுகிற ரம்பக்கோழி

ரம்பக்கோழியைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. புல்லுக்குள்ளேயே நடந்து காலம் தள்ளும் பறவை. மரம் அறுப்பதுபோல் கத்துவதால் அந்தப் பெயர். அதைக் கண்காணிக்க ஒரு சங்கம் இருக்கிறது. டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை, சுவரில் வரைபடம், மூலையில் நான். "விவசாயிங்ககிட்ட பேச அவங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணு இருந்தா சௌகரியம்" என்றுதான் தலைவர் என்னை வேலைக்கு எடுத்தார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை அவர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, பேசினேன். சித்தி மாட்டுக்குப் புல் அறுக்கும்போது காலடியிலிருந்து ஒரு பெட்டை எழுந்து ஓடியது. குனிந்து பார்த்தால் முட்டைகள். நான் சொன்னேன் என்பதற்காக அந்த மூலையை அறுக்காமல் விட்டாள். மாட்டுக்கு அரை வயிறு.

"படிச்சவ சொல்றா. மாட்டையும் படிக்க வச்சிருந்தா புரிஞ்சுக்கும்," என்றார் சித்தப்பா.

அடைகாக்கும் பெட்டை வாயே திறக்காது. ஆள் நடமாட்டம் அதிகமானால் முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். அதனால்தான் உறுப்பினர்கள் வரப்பில் நின்று காது மட்டும் கொடுக்க வேண்டும், வயலில் கால் வைக்கக் கூடாது என்று விதி. விதியை எழுதியவர் தலைவர்.

அன்று மாலை சித்தி வயலுக்குக் கிழக்கே ரம்பம் அறுத்தது. மேற்கேயும் அறுத்தது. இரண்டும் முடிக்கும்போது ஒரு இருமல் இருமின.

"பறவைக்கும் சளியா?" என்றாள் சித்தி.

எனக்குப் புரிந்துவிட்டது. குரலைப் பழகிக்கொள்ளச் சங்கம் எல்லாருக்கும் ஒரு ஒலிப்பதிவு கொடுத்திருந்தது. பதிவு செய்தவர் தலைவர். கடைசியில் அவர் இருமல். இப்போது பறவையை வரவழைக்க இரண்டு பேர் அதைப் போனில் போட்டுப் பாக்கெட்டில் பாடவிட்டு, அடுத்தவர் போனைப் பறவை என்று நினைத்துப் பதுங்கிப் பதுங்கி வருகிறார்கள். விதியும் மறந்தது, வரப்பும் மறந்தது. நடுவயலில் முட்டிக்கொண்டார்கள்: தலைவரும், சங்க உறுப்பினரான பல் டாக்டரும்.

"நீங்க வந்தீங்க, அது வாயை மூடிடுச்சு," என்றார் தலைவர்.

"கையெட்டுற தூரத்துல இருந்துச்சு சார்."

நல்லவேளை, மூலைவரை போகவில்லை.

"சார், அது நம்ம பதிவு. இருமுது பாருங்க," என்றேன்.

"இருமல் இல்லம்மா. இந்தப் பக்கத்துப் பறவையோட வட்டார வழக்கு. நீ புதுசு. வரைபடத்துல ரெண்டுன்னு போடு. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வரலாம்."

"பெட்டை அடைகாக்குற நேரம் சார். விட்டுடலாம்."

"அடையா? அப்ப போட்டோ எடுக்குறவரையும் கூப்பிடணுமே."

அவர்கள் கார் கிளம்பியதும் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாட்டைப் பட்டினி போட்டது இவனுங்க மிதிக்கவா? நாளைக்கே அறுத்துடுறேன், போ."

"ஒரு வாரம் பொறு சித்தி. உன் போனை மட்டும் ஞாயித்துக்கிழமை குடு."

"எதுக்கு?"

"அவங்களுக்குப் பறவை வேணுமாம்."

ஞாயிறு காலை கூட்டத்தை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடத்திப் போனேன். அந்த வயலை ஏற்கெனவே மொட்டையாக அறுத்திருந்தார்கள். அதில் நாய்கூட ஒளிய முடியாது. மதகுக்கு அடியில் சித்தியின் போன் ரம்பம் போட்டது. பிறகு இருமியது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பல் டாக்டருக்குக் கண் கலங்கியது. புல்லே இல்லாத வயலில் பறவை எங்கே இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இவர்களிடம்தான் நான் நேர்முகத்தேர்வில் கைகட்டி நின்றேன்.

தலைவருக்கு இருமல் வந்தது. மதகும் இருமியது.

"பதில் சொல்லுது," என்று கிசுகிசுத்தார். "மூணுன்னு போட்டுக்கம்மா."

"போட்டுக்கறேன் சார்."

அவர்களை மதகைப் பார்த்தபடி விட்டுவிட்டு வாய்க்காலைத் தாண்டினேன். சித்தி வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அரிவாளாலேயே மூலையைக் காட்டினாள். புல்லுக்கிடையில் பழுப்பு முதுகு, அசையாமல்.

"எப்ப அறுக்கலாம்?"

"குஞ்சு பொரிச்சு நடக்கட்டும்."

"அந்த ரம்பங்க எப்ப போகும்?"

"உன் போன்ல சார்ஜ் தீரட்டும் சித்தி."