மருதாயி கேட்ட தண்ணீர்

நல்லதம்பி நாடகம் எழுதுகிறான் என்றால் குரும்பலூரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே வசனம் சொல்வான். காற்றடிக்க வந்தவன் வந்த வேலையை மறந்து நிற்பான். எழுபத்தொன்பதில் திருச்சிக்குப் போய் ஒரு இங்கிலீஷ் பேய்ப்படம் பார்த்துவிட்டு வந்தான். பகலெல்லாம் பெட்டிக்குள் படுத்திருந்து, பொழுது சாய்ந்ததும் எழுந்து கழுத்தைக் கடிக்கிற வெள்ளைக்காரப் பிரபுவின் கதை. அன்றிலிருந்து ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்மூருக்கு ஏத்தாப்புல ஒன்னு வேணும் அமிர்தம்" என்று பெண்டாட்டியிடம் புலம்பினான்.

அமிர்தவல்லிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. நாலு மாதக் கர்ப்பம். பிரசவத்தை நினைத்தாலே பயம். ஒரு மத்தியானம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னான்னு சொல்லு புள்ள" என்று தலையைத் தடவினான். அப்படிக் கேட்டால் எவள்தான் வாயை மூடிக்கொண்டிருப்பாள்? சொல்லிவிட்டாள்.

அவள் அம்மா மருதாயி திருமழபாடியில் இரண்டாம் பிரசவத்தில் செத்தவள். உதிரம் நிற்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பச்சைத்தண்ணீர் ஆகாது என்று சுற்றியிருந்தவர்கள் சொம்பை எட்ட வைத்துவிட்டார்கள். "தண்ணி, தண்ணி" என்று கேட்டபடியே போய்ச் சேர்ந்தாள். அந்தக் குடும்பத்துப் பெண்கள் அவளைக் காட்டேரியம்மாவாகக் கும்பிட்டார்கள். வம்சத்தில் ஒருத்திக்கு ஏழாம் மாதம் வந்தால் பெண்கள் மட்டும் கூடி, முருங்கைக்கீரையும் கருவாடும் படைத்து, ஒரு குடம் தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றுவார்கள். பிறகு மருதாயியின் தங்கை இருசம்மாள் அந்தச் சாவின் கதையைச் சொல்லுவாள். அதைக் கேட்டால்தான் மருதாயி பிரசவத்துக்குத் துணை நிற்பாள் என்பது நம்பிக்கை. ஆண் காதில் அது விழக்கூடாது.

"ஒன் தலமேல சத்தியம், யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றான் நல்லதம்பி. கண்கூடக் கலங்கியிருந்தது, பாவி.

அடுத்த மாதம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவன் புது நாடகம். இருசம்மாள் திருமழபாடியிலிருந்து பஸ் ஏறி வந்து, முன்வரிசையில் அக்காள் மகளை ஒட்டி உட்கார்ந்தாள். மருமகன் எழுதியது என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு. திரை விலகியது. கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண்வேஷம், கடைவாயில் இரண்டு நீளப் பல், உதடெல்லாம் குங்குமக் குழம்பு.

"நான்தான்டா மருதாயி! ரத்தம் கொண்டா! ரத்தம்!"

வேஷம் தொட்டிலுக்குள் குனிந்து கடித்தது. கூட்டம் விசிலடித்தது. அமிர்தவல்லிக்கு வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. சித்தியின் பக்கம் திரும்பினாள். அந்த இடம் காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "பேரக்கூட மாத்தலியே?"

"அந்தப் பேருலதான் உசுரே இருக்கு. தண்ணி கேட்டா எவன் பயப்படுவான் சொல்லு? ஜெயங்கொண்டத்துக்காரங்க இப்பவே தேதி கேக்கறாங்க!"

அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. அதை அவளால் தாங்க முடியவில்லை. அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பாள்.

கதைக்குக் கால் முளைத்தது. சோறு தின்னாத பிள்ளைகளுக்கு, "மருதாயி வரா பாரு" என்று தாய்மார்கள் பூச்சாண்டி காட்டினார்கள். முந்திரிக்காட்டுக்குச் சுள்ளி பொறுக்கப் போன ஒருத்தி மருதாயியின் பல்லைப் பார்த்ததாகவே சத்தியம் செய்தாள். தண்ணீர் கேட்டுச் செத்தவளை யாருக்கும் தெரியாது. அவள் பெற்ற மகளைக் கண்டால் மட்டும் தெருப்பெண்கள் பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார்கள்.

ஏழாம் மாதப் படையலுக்குச் சொல்லிவிட்ட இடத்திலிருந்து ஒருத்தியும் வரவில்லை. இருசம்மாள் மட்டும் வந்தாள். கீரை ஆய்ந்தாள், ஆக்கினாள், படைத்தாள், தண்ணீரை ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மாவப் பத்திச் சொல்லு சித்தி" என்றாள் அமிர்தவல்லி.

"அதான் அவன் ஊருபூராச் சொல்லிட்டானே."

"அது எங்கம்மா இல்ல சித்தி. எனக்குப் பயமாருக்கு. நீ சொல்லாட்டி அம்மா வராது."

இருசம்மாள் பையைக் கீழே வைத்தாள். சொல்லிவிடுவாள் என்றுதான் இருந்தது. பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அத எங்க அக்கா மவளுக்குன்னு வச்சிருந்தேன். நீ அவன் பொண்டாட்டி."