மூடிய கூண்டு

உப்புத்தோல், அதாவது உப்புப் போட்ட பச்சைத்தோல், ஏற்றும் பிக்கப் வண்டி மூன்று வருஷத்தில் அரித்துப்போகும் என்பார்கள் ஆம்பூரில். தன்சீல் அகமதுவின் வண்டி ஏழு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. மற்ற டிரைவர்கள் அவனிடம் யோசனை கேட்பார்கள். "லோடு எறக்குன கையோட கழுவிடு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு வுட்டியோ, உப்பு தகடைத் தின்னுடும். அடியில ரப்பர் பெயிண்ட் அடி. தண்ணி போற ஓட்டைய வாரம் ஒரு தபா குத்தி வுடு" என்பான்.

உப்புத் தண்ணீர் தெருவெல்லாம் சொட்டுகிறது, நாற்றம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்த பிறகுதான், திறந்த பாடியை எடுத்துவிட்டு இரும்புத் தகட்டில் மூடிய கூண்டு கட்டினான். பட்டறையில் இரண்டு நாள் கூடவே நின்று செய்வித்த வேலை. வண்டி பள்ளத்தில் குலுங்கும்போது கதவு திறந்துகொண்டு தோல் ரோட்டில் விழக் கூடாதென்று, சாத்தியதும் தானாக மாட்டிக்கொள்ளும் தாழ் போட்டான். கதவை யாரும் கழற்றித் திருட முடியாதபடி கீல் போல்ட்டுகளின் நட்டுகளை வெல்டிங் வைத்தான். உள்ளிருந்து திறப்பதைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை.

மே மாதம், வெள்ளிக்கிழமை. பேரணாம்பட்டு சாலையில் ஒரு தோல் கிடங்கில் லோடு இறக்கிவிட்டு, தண்ணீர் பின்பக்கம் வடிய முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி நிறுத்தினான். கிடங்கு ஆட்கள் ஜும்மா தொழுகைக்குப் புறப்பட்டார்கள். "கழுவிட்டு வர்றேன், நீங்க போங்க" என்றான். திறந்த கதவு சாத்திக்கொள்ளாமல் கொக்கியில் மாட்டிவிட்டு, ஓட்டையை அடைத்திருந்த உப்பைக் குத்த ஒரு கம்பியோடு உள்ளே ஏறினான்.

அந்தக் கொக்கியின் ஸ்க்ரூவை உப்பு எப்போதோ தின்றிருந்தது. ஒரு காற்று அடித்தது. கதவு வந்து அறைந்தது. தாழ் மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. தோளால் இடித்தான். காலால் உதைத்தான். கதவு அசையவே இல்லை. போல்ட்டுகள் உள்பக்கம் வழவழவென்று மொட்டைத் தலையோடு இருந்தன, பிடித்துத் திருக இடமில்லை. போன் கேபினில் கிடந்தது. "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினான். குரல் கூண்டுக்குள்ளேயே சுற்றியது.

கால்மணி நேரத்தில் சட்டையைக் கழற்றினான். தகட்டில் கை வைக்க முடியவில்லை. தோல் நாற்றம் இருபது வருஷமாகப் பழகியதுதான், இன்று குமட்டியது. கம்பியால் ஓட்டையைக் குத்தித் திறந்து, அதில் வாயை வைத்துக் காற்றை உறிஞ்சினான். உதட்டில் உப்பு எரிந்தது. தொழுகை முடிந்து சாப்பிட்டு ஆட்கள் திரும்ப எப்படியும் இரண்டரை ஆகும். அதுவரை தாங்காது என்று உடம்பு சொன்னது. காலையில் மனைவி ஃபரீதா தேநீர் ஆறுகிறது என்று இரண்டு முறை கூப்பிட்டும் குடிக்காமல் வந்தது ஞாபகம் வந்தது.

மேலே சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாவி இல்லாமலும் எரியும்படி பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்த விளக்கு. அதன் வயர் போகும் குழாயில்தான் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அடிக்கும் ரிவர்ஸ் ஹாரனின் வயரும் போகிறது. கம்பியால் குழாயை உடைத்தான். விளக்கு வயரையும் ஹாரன் வயரையும் பல்லால் கடித்து அறுத்தான். கூண்டு இருண்டது. விளக்கு வயரின் அறுந்த முனை தகட்டில் பட்டால் ஃபியூஸ் போய்விடும், அப்புறம் ஒன்றும் மிஞ்சாது. வியர்வையில் வழுக்கும் விரல்களால், தடவித் தடவி, அந்த முனையை ஹாரன் வயரோடு சேர்த்தான்.

டிங் டிங் டிங் என்று ஹாரன் அலறியது.

"இருப்பா, இரு! சாப்ட்டுக்கினு இருக்கேன்ல? எழுந்துக்கறேன்!"

பெண் குரல். கிடங்கு கூட்டும் கோவிந்தம்மாள், இப்போதுதான் வண்டி நிழலில் சாப்பிட வந்து உட்கார்ந்திருந்தாள். வண்டி பின்னால் வருகிறதென்று நினைத்து, சோற்று டப்பாவோடு தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். தன்சீல் கத்தினான். ஹாரன் சத்தம் அவன் குரலை விழுங்கியது. அவளைத் துரத்துவதே இந்தச் சத்தம்தான் என்று புரிந்ததும் வயரைப் பிரித்தான். கம்பியால் கதவில் ஓங்கி ஓங்கி அடித்தான்.

"இன்னாது இது? கேபின்ல ஆளே இல்லியே!"

"அக்கா! பின்னால! உள்ள மாட்டிக்கினேன்!"

"அய்யய்யோ, பாய்! எதை இழுக்கறது?"

"தாழ மேல தூக்குங்க. ரெண்டு கையாலயும்."

இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை வெளிச்சம் முகத்தில் அடித்தது. இறங்கத் தெம்பில்லாமல் தரையில் விழுந்தான். கோவிந்தம்மாள் குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள், மிச்சத்தைக் குடிக்கக் கொடுத்தாள். "ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறக் கூடாது?" என்று திட்டிக்கொண்டே முந்தானையால் விசிறினாள்.

மறுநாளே கதவுக்கு உள்ளிருந்து இழுக்கும் பிடி வைத்துவிட்டான். ஆனாலும் அடுத்த லோடு இறக்கியபின் அவனால் கூண்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றான். இரண்டு நாள் உப்பு அப்படியே காய்ந்தது. விஷயத்தை ஃபரீதாவிடம் சொன்னான். அவள் உடனே எழுந்தாள். புர்காவை மாட்டிக்கொண்டு வந்து கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

"பேசிக்கினே இரு" என்றான்.

அவள் தங்கச்சி வீட்டுக் கதையை ஆரம்பித்தாள். அவன் உள்ளே ஏறினான்.